விண்டோஸ் 10 போச்சு, லினக்ஸ் போடலாமா? டிஸ்ட்ரோ பட்டியலுக்கு முன் பக்கத்து ரூமைப் பாருங்க!

2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய நாள். அன்று எந்த லேப்டாப்பும் அணைந்துபோகவில்லை. மறுநாளும் ஆன் ஆச்சு, யூடியூப் ஓடிச்சு. ஆனால், அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் வரமாட்டார்கள். தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு கிடைக்கும், அவ்வளவுதான். சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 இருக்கா, இன்டெல் எட்டாம் தலைமுறை புராசஸராவது இருக்கா என்று வாசலிலேயே கேள்வி. 2017-க்கு முன் வாங்கிய பெரும்பாலான லேப்டாப்புகள் அந்த வாசலைத் தாண்டாது.

பிள்ளைச்சாவடியை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், காலாப்பட்டை ஒட்டிய ஊர். பழைய புதுவைப் பொறியியல் கல்லூரி, 2020-ல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறியதே, அது இருப்பது இங்கேதான். அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கையில் இருப்பது அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த 2016 மாடல். ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், கரகரவென்று சுழலும் ஹார்ட் டிஸ்க். புதுசு வாங்க வீட்டில் இப்போதைக்குக் காசு இல்லை. “லினக்ஸ் போட்டுக்கோ, பறக்கும்” என்கிறார்கள். சரியென்று போனில் தேடுகிறார். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், ஆர்ச், மஞ்சாரோ, ஸோரின், பாப்… ஒவ்வொன்றுக்கும் க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ, சினமன் என்று உள்ளே இன்னொரு மெனு. “உங்களுக்கான டிஸ்ட்ரோ எது?” என்று இருபது கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் தளங்கள்கூட இருக்கின்றன. ராத்திரி ஒரு மணி வரை வீடியோ பார்த்துவிட்டு, காலையில் அதே விண்டோஸ் 10-ஐ ஆன் செய்வதுதான் பலருடைய கதை.

இந்தப் பட்டியல்கள் பொய் சொல்வதில்லை. ஆனால், கேள்வியைத் தப்பாகக் கேட்கின்றன. எந்த டிஸ்ட்ரோ சிறந்தது என்பது கேள்வியே இல்லை. தினமும் கண்ணில் படப்போகும் திரை உங்கள் கைக்கு ஒத்துவருமா? ஒரு நாள் வைஃபை வேலை செய்யாமல் போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்? இந்த இரண்டு கேள்விகள் போதும். இரண்டாவதை எந்தப் பட்டியலும் கேட்காது. ஏனென்றால், பதில் இணையத்தில் இல்லை. ஹாஸ்டலில் பக்கத்து ரூமில் இருக்கிறது.

எஞ்சின், கம்பெனி, சீட்டு

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினும் சேஸியும் ஒரு கம்பெனியிலிருந்து வரும். கரூரில் பாடி கட்டுவார்கள். பிறகு ஒரு போக்குவரத்துக் கழகம் அதை வாங்கி, ரூட் போட்டு, டிப்போவில் சர்வீஸ் பார்த்து ஓட்டும்.

லினக்ஸ் என்று 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது எஞ்சினை மட்டும்தான். அதற்குப் பெயர் கெர்னல். டிஸ்ட்ரோ என்பது போக்குவரத்துக் கழகம். எஞ்சினோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, சோதித்து, அப்டேட் அனுப்பி, இத்தனை வருஷம் பார்த்துக்கொள்வோம் என்று பொறுப்பேற்கும் அமைப்பு. டெஸ்க்டாப் என்பவை க்னோம், கேடிஇ போன்றவை. சீட்டு, ஜன்னல், படிக்கட்டு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதில் அடக்கம். பயணிக்குத் தெரிவது அதுதான். கழகம் சரியில்லை என்பது பிரேக் டவுன் ஆகும்போதுதான் தெரியும்.

ஒரே கழகம் பல வகை பஸ் ஓட்டும். உபுண்டுவில் க்னோமும் உண்டு; அதன் குடும்பத்தில் கேடிஇ போட்ட குபுண்டு, எக்ஸ்எஃப்சிஇ போட்ட ஸுபுண்டுவும் உண்டு. ஆகவே “உபுண்டு பிடிக்கல” என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காதது உபுண்டு இல்லை, க்னோம். தேர்வை டெஸ்க்டாப்பிலிருந்து தொடங்கச் சொல்வது இதனால்தான்.

திரைதான் முதல் சண்டை

டெஸ்க்டாப் சண்டை வெறும் ரசனை விவகாரம் என்று நினைப்பவர்கள் 2011-ஐப் பார்க்க வேண்டும். அந்த ஏப்ரலில் க்னோம் 3 வந்தது. கீழே இருந்த டாஸ்க்பார் காணோம், மினிமைஸ் பட்டன் காணோம், மெனு காணோம். அதே மாதம் உபுண்டுவும் பழைய முகத்தை விட்டுவிட்டு, யூனிட்டி என்ற தன் சொந்தத் திரையைப் போட்டது. பத்து வருஷமாகப் பழகிய கைகள் தடுமாறின. பயனாளர்கள் என்ன செய்தார்கள்? கோபித்துக்கொண்டு விண்டோஸுக்கு ஓடவில்லை. பழைய க்னோம் 2-ஐ அப்படியே எடுத்து ‘மேட்டே’ என்ற பெயரில் காப்பாற்றினார்கள். லினக்ஸ் மின்ட் குழு, புதிய க்னோமின் மேலேயே பழைய பாணித் திரையைக் கட்டி ‘சினமன்’ ஆக்கியது. உபுண்டுவே 2017-ல் யூனிட்டியைக் கைவிட்டு க்னோமுக்குத் திரும்பிவிட்டது. ஒரு டாஸ்க்பாருக்காக இவ்வளவா என்று கேட்கலாம். ஆமாம், இவ்வளவுதான். மனிதர்களுக்குக் கைப்பழக்கம் அவ்வளவு முக்கியம்.

இன்று நிலவரம் என்ன? விண்டோஸிலிருந்து வருபவருக்கு சினமன் ஒரு வாடகை வீடு மாதிரி. சுவர் நிறம் வேறு, ஆனால் சமையலறை, பாத்ரூம் எல்லாம் எதிர்பார்த்த இடத்தில் இருக்கும். கேடிஇ பிளாஸ்மாவும் முதல் பார்வைக்கு விண்டோஸ் மாதிரிதான். ஆனால், மாற்றிப் பார்க்கிற ஆசை உள்ளவர்களுக்குச் சொர்க்கம். எதையும் எங்கேயும் நகர்த்தலாம். அதுவே சிக்கலும்கூட. பரீட்சைக்கு முதல் நாள் பேனலின் ட்ரான்ஸ்பரன்ஸியை மாற்றிக்கொண்டிருக்கும் ஆள் நீங்கள் என்றால், கேடிஇ உங்களுக்கு நல்லதல்ல. க்னோம் நேர் எதிர். “நான் சொல்றபடி வேலை செய்” என்கிற கண்டிப்பான வாத்தியார். ஒரு வாரம் ஒத்துழைத்தால், டச்பேடில் மூன்று விரல் வைத்து வேலை பார்ப்பது சுகமாக இருக்கும். ஒத்துழைக்காதவர்களுக்கு எரிச்சல்தான் மிச்சம். எக்ஸ்எஃப்சிஇ பார்க்க 2008 மாதிரி இருக்கும். ஆனால், நம்ம கற்பனை மாணவியின் ஐ3-யில் மூச்சு வாங்காமல் ஓடும்.

இங்கே ஒரு மூடநம்பிக்கையை உடைக்க வேண்டியிருக்கிறது. “லைட்வெயிட் டெஸ்க்டாப் போட்டால் பழைய லேப்டாப் பறக்கும்” என்பது பாதி உண்மை. க்னோமிலிருந்து எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாறினால் சில நூறு எம்பி ராம் மிச்சமாகும். அதைப் பிரவுசரில் திறக்கும் இரண்டு மூன்று டேப் தின்றுவிடும். 4 ஜிபி லேப்டாப்பில் உண்மையான குற்றவாளி பெரும்பாலும் அந்தக் கரகர ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுவதும், இடம் இருந்தால் இன்னொரு 4 ஜிபி ராம் சேர்ப்பதும், எந்த டிஸ்ட்ரோ மாற்றமும் தராத வேகத்தைத் தரும். முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். அதன் பிறகு சினமனே போதும், எக்ஸ்எஃப்சிஇ வரை இறங்க வேண்டியதில்லை.

தமிழில் தட்ட வருமா?

ஆங்கிலப் பட்டியல்கள் எதிலும் இல்லாத அளவுகோல் இது. தமிழில் எழுதுபவருக்கு வேறு எதையும்விட முக்கியமானதும் இதுதான்.

விண்டோஸில் பலர் என்எச்எம் ரைட்டர் அல்லது அழகி வைத்துப் பழகியிருப்பார்கள். இவை விண்டோஸுக்கானவை. லினக்ஸில் அந்த வேலையை ஐபஸ் அல்லது ஃபிசிட்எக்ஸ் என்ற உள்ளீட்டுக் கருவி செய்யும். தமிழ்99, ஒலியியல் முறை, பழைய டைப்ரைட்டர் முறை எல்லாமே ‘எம்17என்’ என்ற தொகுப்பில் இருக்கின்றன. இலவசம்தான். ஆனால், பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் முதலிலேயே இருக்காது. நாமே நிறுவ வேண்டும்.

ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. எம்17என் போடாமலேயே கீபோர்டு செட்டிங்ஸில் தமிழ் என்று தேடினால், தமிழ்நெட்99 என்ற பெயரில் ஒரு லேஅவுட் வரும். சந்தோஷமாக அதைச் சேர்த்துவிடுவோம். தட்டிப் பார்த்தால் ‘க’ போட்டு ‘இ’ போட்டால் ‘கி’ வராது. ‘கஇ’ என்று தனித்தனியாக நிற்கும். காரணம் எளிது. அந்த லேஅவுட்டுக்கு ஒரு விசைக்கு ஓர் எழுத்து மட்டும்தான் தெரியும். முந்தைய எழுத்து என்னவென்று அது பார்க்காது. தமிழ்99-இன் அழகே முந்தைய எழுத்தைப் பார்ப்பதில் இருக்கிறது. மெய் விசைக்குப் பின் உயிர் விசை வந்தால் உயிர்மெய் ஆக்கும், ‘க’வை இரண்டு முறை தட்டினால் தானே புள்ளி வைத்து ‘க்க’ ஆக்கும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி உருவான அந்த முறை முழுதாக வேலை செய்ய ஐபஸ்ஸும் எம்17என்-உம் சேர்ந்தே வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் “லினக்ஸ்ல தமிழ் சரியா வராது” என்று தீர்ப்பு எழுதியவர்கள் எத்தனையோ பேர்.

டெஸ்க்டாப் தேர்வு இங்கேயும் குறுக்கே வருகிறது. க்னோமில் ஐபஸ் உள்ளேயே பின்னப்பட்டிருக்கிறது. எம்17என் நிறுவி, ஒருமுறை லாக்அவுட் செய்து வந்தால் மொழிப் பட்டியலிலேயே தமிழ்99 நிற்கும். புதிய கேடிஇ-யில் ஃபிசிட்எக்ஸ் 5-ஐப் போட்டு, அதை ‘விர்ச்சுவல் கீபோர்டு’ என்ற சம்பந்தமில்லாத பெயருள்ள செட்டிங்ஸில் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். யாராவது சொல்லாமல் அந்த இடத்தை மனிதப் பிறவி கண்டுபிடிக்க முடியாது. சினமன், எக்ஸ்எஃப்சிஇ இரண்டிலும் கொஞ்சம் கைவேலை உண்டு, ஆனால் ஒருமுறை செய்தால் போதும். தினமும் தமிழில் பக்கம் பக்கமாக எழுதுபவராக இருந்தால், மற்ற குறைகளைப் பொறுத்துக்கொண்டாவது க்னோமை ஒருமுறை முயன்று பார்ப்பது நல்லது.

எழுத்துரு விஷயத்தில் கவலை வேண்டாம். லோஹித், நோட்டோ எல்லாம் யூனிகோடில் அருமையாக வரும். ஆனால், பாகூரிலோ வில்லியனூரிலோ டிடிபி சென்டர் வைத்திருப்பவர் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பத்து வருஷக் கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்திருந்தால், அது வேறு கதை. அவர் பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் நம்பிப் பிழைக்கிறார். தவிர, மேஜையில் இருப்பது கேனான் எல்பிபி 2900 பிரின்டராக இருக்க வாய்ப்பு அதிகம். ஜெராக்ஸ் கடைகளின் செல்லப்பிள்ளையான அந்த பிரின்டரை லினக்ஸில் ஓடவைப்பது தனித் தலைவலி. அவரிடம் லினக்ஸ் பிரசாரம் செய்யக் கூடாது. செய்தால் பாவம்.

கழகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

டெஸ்க்டாப் முடிவானால் டிஸ்ட்ரோவில் பார்க்க வேண்டியது எத்தனை வருஷம் பார்த்துக்கொள்வார்கள், எவ்வளவு வேகமாக மாற்றுவார்கள் என்பதுதான். உபுண்டு 24.04-க்கும், அதன் மேல் கட்டப்பட்ட மின்ட் 22-க்கும் 2029 வரை அப்டேட் உண்டு. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒன்று வரும், ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம்தான் ஆயுள். புதுசு புதுசாகக் கிடைக்கும், ஆனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது மேலேற்றியே ஆக வேண்டும். ஆர்ச்சுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. அப்டேட் ஓடிக்கொண்டே இருக்கும். டெபியன் நிதானமானது, சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும். 2025 ஆகஸ்ட்டில் 13-ஆம் பதிப்பு வந்தது. 32 பிட் மட்டுமே ஓடும் மிகப் பழைய கணினிகளுக்கு இந்தப் பதிப்பில் இன்ஸ்டாலர் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதைவிட முக்கியம் குடும்பம். டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றும் ஒரே குடும்பம். மூன்றிலும் மென்பொருள் நிறுவும் கட்டளை ‘ஆப்ட்’. ஃபெடோராவில் ‘டிஎன்எஃப்’, ஆர்ச்சில் ‘பேக்மேன்’. நண்பன் உபுண்டு வைத்திருக்கிறான், உங்களுக்கோ மின்ட் பிடித்திருக்கிறது என்றால் பிரச்சினையே இல்லை. அவன் சொல்லும் பத்துக் கட்டளைகளில் ஒன்பதாவது உங்கள் மெஷினிலும் ஓடும். நீங்கள் மட்டும் தனியாக ஆர்ச் போட்டிருந்தால் அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவான்.

“அப்போ கூட்டத்தோட போகணும்ங்கறீங்களா? ஆர்ச் போட்டாதானே கத்துக்க முடியும்?” என்று கேட்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பார்ட்டிஷன் பிரிப்பதிலிருந்து பூட்லோடர் வரை கையால் செய்து கற்றுக்கொள்ள ஆர்ச்சைப் போல வேறொன்று இல்லை. அதன் விக்கியை மற்ற டிஸ்ட்ரோக்காரர்களே திறந்து வைத்துத்தான் வேலை பார்க்கிறார்கள். ஆனால், ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டிய ஒரே லேப்டாப்பில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். விர்ச்சுவல் மெஷினில் போடுங்கள், பத்து முறை உடையுங்கள். ராம் பற்றாது என்றால் நண்பர்களின் பழைய மெஷின் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

கொடுத்தார்கள், ஆனால்…

பக்கத்து ரூம் ஆள் ஏன் அவ்வளவு முக்கியம்? தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெரிய சோதனையே அதற்குச் சாட்சி.

‘பாஸ்’ என்று ஒரு லினக்ஸ் உண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பயன்படுத்தலாம். அதே காலகட்டத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. 2011 செப்டம்பர் 15-ல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. மாணவர்கள் கைக்கு வந்த லேப்டாப்பை ஆன் செய்தால் இரண்டு வழி காட்டும்: ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ். லட்சக்கணக்கான பிள்ளைகளின் மடியில் ஒரே நேரத்தில் லினக்ஸ் போய் உட்கார்ந்தது. இந்தியாவில் இதற்குமுன் இப்படி நடந்திருக்குமா என்பதே சந்தேகம்.

என்ன ஆச்சு? அந்த லேப்டாப் வாங்கிய தலைமுறை இன்று முப்பதை நெருங்குகிறது, சிலர் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் பாஸ் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “ஆன் பண்ணும்போது ஏதோ ரெண்டாவதா ஒண்ணு வருமே, அதா?” என்பதுதான் அடிக்கடி கிடைக்கும் பதில். கணினிக் கடைக்காரர் செய்த முதல் உதவியே அதை அழித்துவிட்டு முழு டிஸ்க்கையும் விண்டோஸுக்குக் கொடுத்ததுதான். பாஸ் மோசமான டிஸ்ட்ரோ என்பதால் இல்லை. அதில் பாட்டுக் கேட்பது எப்படி, பென்டிரைவ் திறப்பது எப்படி என்று காட்ட வகுப்பில் ஒருத்தர் இல்லை. டீச்சருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. எந்த டிஸ்ட்ரோ கொடுத்திருந்தாலும் இதே கதிதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தைப் பாருங்கள். அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-ல் தொடங்கியது. சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அவர்கள் உருவாக்கிய டிஸ்ட்ரோவில் தொழில்நுட்ப அதிசயம் ஒன்றும் இல்லை. உபுண்டுவை எடுத்துப் பாடத்துக்கு ஏற்ற மென்பொருள்களைச் சேர்த்ததுதான். ஆனால், முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் ஐடி செய்முறையையே அதில் வைத்தார்கள். 2018-ல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று பள்ளிதோறும் மாணவர் குழுக்களை அமைத்து, மெஷின் தகராறு செய்தால் பார்க்கப் பிள்ளைகளையே பழக்கினார்கள். அங்கே ஒரு பையனுக்கு உபுண்டுவில் சந்தேகம் என்றால் கேட்க வகுப்பிலேயே நாலு பேர் இருப்பார்கள்.

புதுச்சேரி வட்டாரத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. நகரத்திலேயே கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. வில்லியனூர் வழியாகப் போகும் ரயிலில் ஏறினால் வந்துவிடும் விழுப்புரத்தில், கிராமப்புற மாணவர்களுக்கு லினக்ஸும் ப்ரோகிராமிங்கும் சொல்லித்தரும் ‘விழுப்புரம் ஜிஎல்யூஜி’ இருக்கிறது. 2023 ஜனவரியில் டெபியன் ஆர்வலர்களின் மினி டெப்கான்ஃப் மாநாட்டை அங்கே நடத்திக் காட்டியவர்கள் அவர்கள். உலகின் பல மூலைகளில் இருந்து உருவாகும் ஒரு இயங்குதளத்துக்கான மாநாடு சென்னையில் இல்லை, விழுப்புரத்தில்! சென்னையில் 90-களின் இறுதியிலிருந்தே லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. காஞ்சிபுரம் குழு ஞாயிறுதோறும் ஆன்லைனில் கூடுகிறது, அதுவும் தமிழில். 2012-லிருந்து ‘கணியம்’ தமிழிலேயே லினக்ஸ் பாடங்களை வெளியிடுகிறது. இந்தக் குழுக்களில் யாரிடமாவது “என் லேப்டாப்புக்கு எதைப் போடலாம்ணா?” என்று கேட்டால், பதிலோடு சேர்ந்து பென்டிரைவும் வரும், நிறுவிக் கொடுக்க ஆளும் வருவார்.

யார் மாற வேண்டாம்?

எல்லாரும் மாறித்தான் ஆக வேண்டும் என்று சொல்வது நேர்மையல்ல. டேலியில் கணக்கு எழுதுபவருக்கு அது விண்டோஸ் மென்பொருள். சிவில், மெக்கானிக்கல் மாணவருக்கு ஆட்டோகேடும் சாலிட்வொர்க்ஸும் லினக்ஸில் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்குப் பெரிதாகத் தடை இல்லை. பைத்தான், டாக்கர், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, மேட்லேப் எல்லாம் நன்றாக ஓடும். ஆனால், ஆன்லைன் தேர்வுக்குப் பயன்படும் ‘சேஃப் எக்ஸாம் பிரவுசர்’ லினக்ஸுக்கு வருவதில்லை. கல்லூரியோ, வேலைக்கு எடுக்கும் கம்பெனியோ அப்படி ஒன்றைக் கேட்டால் தேர்வு நாளில் மாட்டிக்கொள்வீர்கள். வலோரன்ட் ஆடுபவர்களுக்கு இப்போதைக்கு வழியில்லை.

இப்படி ஒன்றிரண்டு கட்டாயம் உள்ளவர்கள் விண்டோஸை அழிக்காமல், பக்கத்தில் லினக்ஸ் போடலாம். ஆனால் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா, அதன் ரெகவரி கீ கையில் இருக்கிறதா என்று பார்க்காமல் பார்ட்டிஷனில் கை வைக்காதீர்கள். முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னாலும் பாதிப் பேர் செய்வதில்லை, அது வேறு விஷயம்.

அப்போ எதைத்தான் போடுறது?

நம்ம பிள்ளைச்சாவடி மாணவிக்கு, எஸ்எஸ்டி மாற்ற முடிந்தால் மின்ட் சினமன். முடியாவிட்டால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. உபுண்டுவையே போடலாமே என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால், 22.04-லிருந்து ஃபயர்ஃபாக்ஸை ‘ஸ்னாப்’ வடிவில்தான் அது கொடுக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் முதல்முறை திறக்கும்போது ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். மின்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி வைத்திருக்கும் ஐடி ஊழியர், அலுவலகத்தில் எல்லாரும் உபுண்டு என்றால் யோசிக்காமல் உபுண்டு. சமீபத்தில் வந்த மாடல் என்பதால் பழைய கெர்னலில் வைஃபை தகராறு செய்கிறது என்றால், ஃபெடோரா. அதில் கேடிஇ பதிப்புக்கும் 2025-லிருந்து க்னோமுக்குச் சமமான இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால், இவற்றில் எதைவிடவும், உங்கள் ரூம்மேட் கையில் வைத்து வேலை பார்த்துக்கொண்டிருப்பது எதுவோ அதற்கு முதல் வாய்ப்பு கொடுங்கள். அவர் மஞ்சாரோ வைத்திருந்தாலும் சரி. தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கும் மஞ்சாரோ, யாருமே இல்லாத மின்ட்டைவிட மேல்.

நிறுவும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 8 ஜிபி பென்டிரைவில் டிஸ்ட்ரோவை எழுதி, லேப்டாப்பை அதிலிருந்து ஆன் செய்தால், எதையும் அழிக்காமலேயே முழு டெஸ்க்டாப்பும் திறக்கும். உடனே ‘இன்ஸ்டால்’ ஐக்கானை அழுத்தத் தோன்றும், பொறுங்கள். வைஃபை கிடைக்கிறதா? யூடியூபில் ஒரு பாட்டுப் போட்டால் ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் சத்தம் வருகிறதா? திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா? மூடியை மூடிப் படுக்க வைத்துத் திறந்தால் எழுந்திருக்கிறதா? எம்17என் போட்டு ‘க’, ‘இ’ தட்டினால் ‘கி’ வருகிறதா? பென்டிரைவிலிருந்து ஓடுவதால் எல்லாம் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடை போட வேண்டாம். ஐந்தும் சரியாக வந்தால் தைரியமாக அழுத்தலாம். ஏதாவது ஒன்று அடம் பிடித்தால் ஷட்டவுன் செய்து பென்டிரைவை எடுத்துவிடுங்கள். உள்ளே விண்டோஸ் அப்படியே இருக்கும். பிறகு பக்கத்து ரூம் கதவைத் தட்டி, எது வேலை செய்யவில்லை என்று மட்டும் சொன்னால் போதும்.